ஒரு ரெட்ஃபிஷ், எட்டு கெளுத்தி, இருபது டாலர் டிப்ஸ்

கேள்வி: வணக்கம். ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டியில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். தாமிரபரணிக் கரையில் தூண்டில் போட்டே வளர்ந்தவர். அவருக்காகப் போன மாதம் கால்வெஸ்டனில் கைடோடு ஒரு படகு எடுத்தோம். நான், அப்பா, மச்சான், பத்து வயது மகன் என்று நாலு பேர். அரை நாளுக்கு 600 டாலர். அன்று சரியான காற்று. கைடு நாலு இடம் மாற்றிப் பார்த்தார். கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு ரெட்ஃபிஷ். மற்றபடி எட்டு கெளுத்தி. அவற்றையும் கடலிலேயே விட்டுவிட்டார், அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. இறங்கும்போது 20 டாலர் டிப்ஸ் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் முகம் மாறிவிட்டது. அதுவரை மகனோடு சிரித்துச் சிரித்துப் பேசியவர் அப்புறம் படகைக் கழுவப் போய்விட்டார், திரும்பிப் பார்க்கவில்லை. "அவரை அவமானப்படுத்திவிட்டீர்கள்" என்கிறாள் மனைவி. "படகே அவருடையது, முதலாளிக்கு எதற்கு டிப்ஸ்?" என்கிறார் மச்சான். "கூலி பேசினோம், கொடுத்தோம். மீனும் இல்லை. அந்த இருபதே ஜாஸ்தி" என்கிறார் அப்பா. வரும் ஜூனில் ஆறு பேராக ஆழ்கடலுக்குப் போகிறோம். 1,800 டாலர், கேப்டனும் ஒரு டெக்ஹேண்டும் (படகில் கூடமாட வேலை செய்யும் உதவியாள்) வருவார்களாம். யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுப்பது? மீன் கிடைக்காவிட்டாலும் கொடுக்க வேண்டுமா?

பதில்: உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. 600 டாலர் பயணத்துக்கு 20 டாலர் கொடுத்தால், இந்தக் கரையில் அதற்கு "உன் வேலை எனக்குப் பிடிக்கவில்லை" என்றுதான் அர்த்தம். ஒன்றுமே கொடுக்காமல் போயிருந்தால்கூட, பாவம், வழக்கம் தெரியாதவர்கள் என்று விட்டிருப்பார். இருபதை நீட்டும்போது, தெரிந்தே குறைத்த மாதிரி ஆகிவிடுகிறது. உங்களுக்கு அப்படி எண்ணமில்லை என்று கடிதத்தைப் படித்த எனக்குத் தெரிகிறது. கையில் ஒற்றை நோட்டோடு நின்ற அவருக்கு எப்படித் தெரியும்?

நான் பதினோரு வருடமாக டெக்சாஸ் கரையில் குடும்பங்களுக்கும் ஆபீஸ் குழுக்களுக்கும் மீன்பிடிப் படகு ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். அதற்கு முன் இரண்டு சீசன் நானே ஒரு பெரிய படகில் டெக்ஹேண்டாக நின்றிருக்கிறேன். என்னிடம் வரும் நம்மவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியைக் கரை இறங்கிய பிறகுதான் கேட்பார்கள். நீங்களாவது அடுத்த பயணத்துக்கு முன்னால் கேட்டீர்கள்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கைடுக்கும், ஆளோடு வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் படகுக்கும் பயணக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் என்பது வழக்கம். உங்கள் 600க்கு 90 முதல் 120 டாலர். பையனை விட்டுவிட்டால் பெரியவர்கள் மூன்று பேர், ஆளுக்கு முப்பது நாற்பது. ஜூன் மாத 1,800க்கு 270 முதல் 360. ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 45 முதல் 60. கூட வருபவர்களிடம் பணம் வசூலிக்கும்போது "ஆளுக்கு 300" என்று சொல்லாதீர்கள், "360" என்று சொல்லி ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். படகை விட்டு இறங்கியதும் வெயிலில் வதங்கிப்போன ஆறு பேர் நின்றுகொண்டு, "நீ எவ்வளவு கொடுக்கிறாய், நான் எவ்வளவு கொடுப்பது?" என்று பேசிக்கொள்வதைப் போல அசிங்கம் வேறு கிடையாது. அதை டெக்ஹேண்ட் மூன்றடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பான். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரியும்.

சரி, அப்பா சொன்னதற்கு வருகிறேன். மூன்று பேர் சொன்னதில் அவர் சொன்னதில்தான் யோசிக்க விஷயம் இருக்கிறது. கூலி பேசினால் கூலி, அதற்கு மேல் கொடுப்பது நம் இஷ்டம் என்பது அவர் கணக்கு. ஆட்டோவுக்கும் கொத்தனாருக்கும் அது சரிதான். ஆனால் மீன்பிடிப் படகில் நம் ஊரிலேயே அந்தக் கணக்கு கிடையாது. அவரிடம் தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்துப் படகுகளை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவருக்கு மாதச் சம்பளமா இருக்கிறது? மீன் ஏலம் போன பிறகு டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தில் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். கறிக்கு என்று கொஞ்சம் மீன் தனியாகக் கையில் போகும். உழைத்தவருடைய வருமானம் அந்தப் பங்கில்தான் இருக்கிறது.

இங்கே கைடு படகில் மீன் ஏலத்துக்கே போகாது. வாடிக்கையாளர் பிடித்த மீனை விற்கவே கூடாது, அது சட்டம். பங்கு பிரிக்க ஒன்றுமில்லாத படகில் உழைத்தவனுக்கு உரிய பங்கு எங்கிருந்து வரும்? டிப்ஸாக வருகிறது. நான் நம்மவர்களுக்கு இதை இப்படித்தான் விளக்குவேன். சாப்பாட்டுக் கடையில் மிச்சச் சில்லறையை வைத்துவிட்டு வருவது போல நினைத்தால் இருபது டாலர் தாராளமாகத் தெரியும். பங்கு என்று நினைத்தால் கூச்சமாக இருக்கும்.

அப்பா விட மாட்டார், தெரியும். "மீன் இல்லாத நாளில் ஊரிலும் பங்கு இல்லையே?" என்பார். நியாயமான கேள்வி. ஆனால் ஊரில் படகு நிறைய மீனோடு வந்தால் ஆட்களுக்கும் பை நிறையும். லாபத்திலும் நஷ்டத்திலும் சேர்ந்தே நிற்கிறார்கள். இங்கே உங்களுக்குப் பத்து சங்கரா கிடைத்தாலும் பத்தும் உங்கள் ஐஸ் பெட்டிக்குத்தான் போகும். ஜூனில் நீங்கள் போகும் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ வளைகுடாவின் மத்திய அரசுக் கடற்பரப்பில் ரெட் ஸ்னாப்பர், அதாவது நம் சங்கரா ஜாதி, பிடிக்கும் சீசன் சார்ட்டர் படகுகளுக்கு ஜூன் 1ஆம் தேதி திறக்கிறது. ஆளுக்கு 2 மீன், 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஆறு பேருக்குப் பன்னிரண்டு. உங்களைக் கூட்டிக்கொண்டு போகும் கேப்டனுக்கும் டெக்ஹேண்டுக்கும் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். வாடகைக்கு ஆள் ஏற்றிப் போகும் நாளில் அவர்கள் தங்கள் கணக்கில் ஒரு ரெட் ஸ்னாப்பர்கூட எடுக்கக் கூடாது. ஆகவே மீன் கிடைத்தால் உங்களுக்கு, கிடைக்காவிட்டால் மட்டும் நஷ்டம் அவருக்கு என்று வைத்தால் எந்த ஊர்ப் பங்குக் கணக்கிலும் அது சேராது.

ஆக, மீன் கிடைக்காவிட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். கிடைக்காத நாளில்தான் கைடு அதிகமாக உழைத்திருப்பார் என்பது என் அனுபவம். மீன் கொத்துகிற நாளில் ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு, தூண்டிலில் இரை மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். உங்களுக்கு வாய்த்த மாதிரிக் காற்று நாளில் எவ்வளவு பாடு என்று பாருங்கள். காலை ஆறு மணிக்கு நீங்கள் படகில் ஏற வேண்டுமானால் அவர் மூன்றரைக்கே எழுந்திருப்பார். வழியில் பெய்ட் கேம்ப்பில், அதாவது இரை விற்கும் கடையில் நின்று உயிர் இறால் வாங்க வேண்டும். அதைக் காற்றுக் குமிழி விடும் தொட்டியில் சாகாமல் வைத்திருக்க வேண்டும். எரிபொருள், ஐஸ். முந்தின நாள் உரசிப் பிய்ந்துபோன தூண்டில் நரம்புகளை வெட்டிவிட்டுப் புதுத் தூண்டில் முள் கட்ட வேண்டும். கடலில் இறங்கிய பிறகு ஒவ்வொரு இடமாக விட்டு விலகும்போதும் உங்கள் கண் அவர் முதுகில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நாலு இடம் மாற்றினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எரிபொருள் அவர் பணம். "இன்றைக்கு மீன் இல்லை" என்று முதல் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அந்த 600 அவருக்குத்தான்.

அப்புறம் அந்த எட்டு கெளுத்தி. கெளுத்திக் குழம்பின் ருசி தெரிந்த ஒருவர் முன்னால் எட்டையும் கடலில் விட்டால் வலிக்கத்தான் செய்யும், அப்பாவின் பக்கம் நான். இங்கே ஹார்ட்ஹெட் என்று சொல்லும் இந்த ஜாதியை யாரும் சமைப்பதில்லை. வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனால் அன்றைக்கு அந்த எட்டையும் தூண்டிலிலிருந்து கழற்றியது யார்? முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று அதற்கு மூன்று முள், ரம்பம் போல, விஷம் வேறு. குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகு ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு பத்து வயதுப் பையன் துள்ளுகிற கெளுத்தியோடு நரம்பைத் தூக்கித் தன் முகத்துக்கு நேராகக் கொண்டுவருகிறான் என்றால், கைடு ஒரு கையால் நரம்பைப் பிடித்து, மறு கையில் குறடை எடுத்து, பையனுக்கும் மீனுக்கும் நடுவில் தன் முழங்கையைக் கொடுத்து நிற்பார். எட்டுத் தடவை அப்படி நின்றிருப்பார். மகன் கையில் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்தானே, அதற்குத்தான் அந்த 90 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சானுக்கு ஒரு வார்த்தை. முதலாளிக்கு டிப்ஸ் கிடையாது என்பது அமெரிக்காவிலேயே பழைய வழக்கம்தான். முடி திருத்தும் கடையில் முதலாளியே வெட்டினால் கொடுக்க வேண்டாம் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். அவர் அதை எங்கேயோ கேட்டிருக்கலாம். மீன்பிடிப் படகில் அது இப்போது இல்லை. ஒற்றை ஆள் கைடு என்றால் கேப்டனும் அவரே, டெக்ஹேண்டும் அவரே, கடைசியில் படகு கழுவுகிறவரும் அவரே. அவர் கடலோரக் காவல்படையிடம் வாங்கியிருக்கும் உரிமத்தை இங்கே பேச்சு வழக்கில் சிக்ஸ் பேக் என்பார்கள். காசு கொடுக்கும் பயணிகள் அதிகபட்சம் 6 பேரை ஏற்றலாம். அதை வாங்கவே 360 நாள் கடல் அனுபவம் காட்ட வேண்டும். உங்கள் 600இல் படகின் தவணை, இன்சூரன்ஸ், எரிபொருள், இரை, தூண்டில் சாமான், நீங்கள் ஏதாவது இணையதளம் வழியாகப் பதிவு செய்திருந்தால் அதன் கமிஷன், எல்லாம் போகும். தெற்குக் காற்று நாலு நாள் விடாமல் அடித்தால் அந்த நாலு நாளும் வருமானமே இல்லை. முதலாளி என்ற வார்த்தையைக் கேட்டதும் நம் மனசில் வரும் ஆள் வேறு, இவர் வேறு.

இனி ஜூன் மாதம். ஆழ்கடல் படகில் பெரும்பாலும் டெக்ஹேண்டுக்குத்தான் டிப்ஸ் கொடுப்பது வழக்கம். கேப்டன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, இரை மாட்டுவது, சிக்கெடுப்பது, கொக்கியால் மீனைத் தூக்குவது, உங்களில் ஒருவர் வாந்தி எடுத்தால் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது எல்லாம் அந்தப் பையன்தான். அவனுக்கு நாள் கூலி சொற்பம். சில படகுகளில் அதுவும் இல்லை, டிப்ஸ் மட்டும்தான். இந்த நாட்டில் டிப்ஸ் வாங்கும் வேலைக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991லிருந்து அது ஏறவே இல்லை. டெக்சாஸிலும் அதே தொகைதான். டிப்ஸை நம்பித்தான் கூலியே நிர்ணயமாகிறது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கேப்டன் படகின் சொந்தக்காரர் என்றால் பெரும்பாலும் டிப்ஸ் முழுவதும் டெக்ஹேண்டுக்கே போய்விடும். கேப்டனும் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் என்றால் இருவரும் பிரித்துக்கொள்வார்கள். எந்தப் படகில் எப்படி என்று ஊகிக்க வேண்டாம். காலையில் ஏறும்போது கேப்டனிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: "டிப்ஸ் யாரிடம் கொடுக்கணும், நீங்கள் பிரித்துக்கொள்வீர்களா?" இதைக் கேட்டால் தவறாக நினைப்பாரோ என்ற பயமே வேண்டாம். இந்தக் கேள்வியைக் காலையிலேயே கேட்கும் குழுவை அன்று முழுக்க எப்படிக் கவனித்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் டெக்ஹேண்டாக இருந்த இரண்டாவது சீசனில் ஒரு நாள். பன்னிரண்டு மணி நேரப் பயணம், நல்ல மனுஷர்கள், ஐஸ் பெட்டி நிறைய மீன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று எல்லாவற்றையும் வெட்டிக் கொடுத்தேன். போகும்போது கையைப் பிடித்துக் குலுக்கி, "ஆபீஸில் கார்டில் நல்லா போட்டிருக்கோம், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் படகின் ஆபீஸ் எனக்கு ஒரு சென்ட்கூடத் தரவில்லை. அது கட்டணத்தோடு சேர்ந்துவிட்டது என்றார்கள். கொடுத்தவர்கள் மனநிறைவோடு வீட்டுக்குப் போனார்கள், நான் மீன் செதிலோடு வீட்டுக்குப் போனேன். அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: ரொக்கம், அதுவும் கைக்குக் கை. ரொக்கம் இல்லையென்றால் வென்மோ அல்லது ஸெல் மாதிரி போன் வழியாகப் பணம் அனுப்பும் செயலி, அதுவும் அந்த ஆளுடைய கணக்குக்கே. கார்டில்தான் முடியும் என்றால், அது டெக்ஹேண்டுக்குப் போய்ச் சேருமா என்று அவனையே கேளுங்கள்.

ரசீதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சில இடங்களில் டிப்ஸைக் கட்டணத்தோடேயே சேர்த்துவிடுகிறார்கள். அப்படியானால் இன்னொரு முறை கொடுக்க வேண்டியதில்லை, சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சதவீதத்தை வரிக்கு முந்தைய தொகையில் போட்டால் போதும். தள்ளுபடியில் எடுத்திருந்தால் தள்ளுபடிக்கு முந்தைய விலையில் போடுங்கள். படகில் உழைக்கிறவன் தள்ளுபடி விலைக்கு உழைப்பதில்லை. கம்பெனி செலவில் போகிறீர்கள் என்றால், டிப்ஸும் கம்பெனி கணக்கா என்று கேட்டுக்கொண்டு போங்கள். "அவர்கள் கொடுத்திருப்பார்கள்" என்று பன்னிரண்டு பேரும் நினைத்து, ஒருவரும் கொடுக்காமல் வந்ததை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

எப்போது குறைக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 20 சதவீதம் என்பது வேதவாக்கும் இல்லை. கைடு பாதி நேரம் போனில் இருந்தார், தாமதமாக வந்துவிட்டு நேரத்துக்கு முன்பே கரைக்குத் திரும்பினார், குழந்தையை அதட்டினார், நீங்கள் பிடிக்க வேண்டிய நேரத்தில் தானே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார் என்றால் தாராளமாகக் குறையுங்கள். குறைத்தால் காரணத்தையும் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் காற்று, மழை, மீன் இல்லாதது இவற்றுக்காகக் குறைக்காதீர்கள். அதேபோல உங்களில் யாருக்காவது தலைசுற்றி இரண்டு மணி நேரம் முன்பே திரும்பச் சொல்கிறீர்கள் என்றால் அது அவர் தவறல்ல, முழுப் பயணத்துக்கு உள்ளதைக் கொடுக்க வேண்டும். தலைசுற்றல் மாத்திரையை முந்தின ராத்திரியே போட்டுக்கொள்வது டிப்ஸைவிட முக்கியம். ஆழ்கடலில் எட்டு மணி நேரம் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாறாக, சில நாள் 20க்கு மேலேயும் போகத் தோன்றும். முதல் முறை தூண்டில் பிடிக்கும் குழந்தைக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தார், நேரம் முடிந்த பிறகும் "இன்னும் ஒரு இடம் பார்த்துவிடலாம்" என்று போனார் என்றால் உங்கள் மனசுக்குத் தோன்றியதைக் கொடுங்கள், அதற்குக் கணக்குக் கிடையாது.

ஆளுக்கு டிக்கெட் வாங்கி நாற்பது ஐம்பது பேராகப் போகும் பெரிய படகுக்கும் இதே சதவீதம்தான், டெக்ஹேண்டுகளுக்கு. நூறு டாலர் டிக்கெட்டுக்குப் பதினைந்து இருபது. நான் நின்றது அந்த மாதிரிப் படகில்தான். ஆறு பேருடைய நரம்பும் ஒரே உருண்டையாகச் சுற்றிக்கொண்டு, அதன் நுனியில் ஒரு வஞ்சிரம் ஜாதி மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது அது யாருடைய மீன் என்று கண்டுபிடித்துக் கொடுப்பதற்கு எத்தனை சதவீதம் கொடுத்தாலும் தகும். மொன்டானாவில் ஆற்றுப் படகில் டிரவுட் பிடிக்கப் போனாலும், அலாஸ்காவில் சால்மன், ஹாலிபட் பிடிக்கப் போனாலும் வழக்கம் ஏறக்குறைய இதேதான். ஆனால் இந்த அமெரிக்கப் பழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு எல்லா நாட்டுக்கும் போய்விடாதீர்கள். நியூசிலாந்தில் டிப்ஸை எதிர்பார்ப்பதில்லை. ஜப்பானில் பணத்தை நீட்டினால் சங்கடப்படுவார்கள்.

பழைய கைடு விஷயத்தை அப்படியே விட்டுவிடலாமா என்று யோசிப்பீர்கள். விட வேண்டாம் என்பது என் கருத்து. அவர் எண் உங்களிடம் இருக்கும். ஒரு சின்னச் செய்தி போதும்: "போன மாதம் அப்பாவோடும் பையனோடும் வந்தோமே, நாங்கள்தான். இங்குள்ள வழக்கம் எங்களுக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் காற்றில் நீங்கள் பட்ட பாட்டுக்கு நாங்கள் கொடுத்தது போதாது. மீதியை அனுப்ப வேண்டும், எந்தக் கணக்குக்கு அனுப்பட்டும்?" எண்பது டாலர் அனுப்பினால் மொத்தம் நூறு ஆகிவிடும். நீளமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம், விளக்கமும் வேண்டாம். பையன் அந்த ரெட்ஃபிஷோடு நிற்கும் படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். என்னிடம் வந்த ஒருவர் இப்படி எட்டு மாதம் கழித்து அனுப்பினார். அந்தக் கைடு இன்றைக்கும் அவருக்கென்று ஒரு நல்ல சனிக்கிழமையை ஒதுக்கி வைக்கிறார்.

மீனையே டிப்ஸாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். "கறிக்கு ரெண்டு எடுத்துக்கோ" என்று அப்பா சொல்லக்கூடும், நம் ஊர்க் கைப் பழக்கம் அது. நட்புக்கு ஒரு துண்டு கொடுப்பது வேறு. ஆனால் பணத்துக்குப் பதிலாக மீன் என்பது இங்கே எடுபடாது. தினமும் மீனோடு கிடக்கிறவனுக்கு மீனைக் கொடுத்து என்ன செய்ய?

மீன்பிடி உரிமத்தை மறந்துவிடாதீர்கள். ஃபுளோரிடாவில் கேப்டனின் உரிமமே பயணிகளுக்கும் சேர்த்து. டெக்சாஸில் அப்படியில்லை, கைடு படகானாலும் 17 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரில் மீன்பிடி உரிமம் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு ஒரு நாள் உரிமமே கிடைக்கும். முந்தின நாளே எடுத்து வைத்துவிடுங்கள்.

பணத்தை எப்போது கொடுப்பது என்றால், கரைக்கு வந்து, மீன் வெட்டி முடிந்து, பைகள் உங்கள் ஐஸ் பெட்டிக்குள் போன பிறகு. நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கை குலுக்கும்போது கொடுங்கள். நடுக்கடலில் வேண்டாம், எல்லோர் முன்னாலும் எண்ணிக் காட்டவும் வேண்டாம். காலையிலேயே நோட்டுகளை ஒரு ஜிப்லாக் பையில் போட்டுச் சட்டைப் பைக்குள் வையுங்கள். உப்புத் தண்ணீரில் நனைந்த நோட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உரிக்க வராது. சில துறைமுகங்களில் மீன் வெட்ட எடைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு, அதுவும் டிப்ஸும் வேறு வேறு. வெட்டுகிறவன் கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுங்கள். இங்கே பழக்கம், இரண்டு பக்கமும் சதையை மட்டும் சீவி எடுத்துவிட்டு, தலையும் முள்ளும் தண்ணீருக்குப் போகும்; மேஜையைச் சுற்றிப் பெலிக்கன் பறவைகள் அதற்குத்தான் காத்துக்கொண்டு நிற்கும். சங்கராத் தலை உங்களுக்கு வேண்டும், நடு முள்ளோடு துண்டு போட வேண்டும் என்றால் முதலிலேயே சொன்னால் சந்தோஷமாகச் செய்து கொடுப்பான், அதற்கென்று இன்னொரு பத்து இருபது டாலர் சேர்த்துக் கொடுங்கள். பன்னிரண்டு தலையும் பெலிக்கன் வாய்க்குள் போன பிறகு சொன்னால் அப்பாவை யாராலும் சமாதானப்படுத்த முடியாது.